ஒன்று போலவே தெரியும் கார்பன் பிளேடுகளில் எதை எடுப்பது?

விஸ்காரியா எடுக்கலாமா, டிமோ போல் ஏஎல்சியா, இல்லை இன்னர்ஃபோர்ஸ் லேயர் ஏஎல்சியா? டேபிள் டென்னிஸ் மட்டைக்குக் கார்பன் பிளேடு, அதாவது ரப்பர் ஒட்டும் மரப்பலகைக்குள் கார்பன் இழை வைத்தது, வாங்கக் காசு சேர்த்து வைத்திருப்பவர்கள் கடைசியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிற இடம் பெரும்பாலும் இதுதான். மூன்றும் பட்டர்ஃபிளை நிறுவனத்தினுடையவை, மூன்றிலும் ஏஎல்சி என்ற அதே கார்பன் கலப்பு இழை, மூன்றின் நடுவிலும் கிரி மரம், விலையும் ஏறக்குறைய ஒரே பக்கம். கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே நல்ல பிளேடுதான் சார் என்பார், கூட ஆடுகிறவரைக் கேட்டால் தான் வைத்திருப்பதையே வாங்கச் சொல்வார். அதனால் இந்த மூன்றையே உதாரணமாக வைத்து எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று சொல்கிறேன். வேறு நிறுவனத்தின் பிளேடாக இருந்தாலும் பார்க்கிற முறை இதேதான்.

முதலில் ஒரு விஷயம். கார்பன் பிளேடு என்றாலும் அது மரம்தான். சர்வதேச விதிப்படி பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும், உள்ளே வைக்கிற ஒவ்வொரு இழை அடுக்கும் மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மில்லிமீட்டர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. 5.8 மில்லிமீட்டர் பிளேடு என்றால் அதில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் மரம்தான். ஆகவே "எந்தக் கார்பன்" என்ற கேள்வியோடு "எந்த மரம், கார்பன் எங்கே இருக்கிறது" என்பதையும் கேட்க வேண்டும். சொல்லப்போனால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

விஸ்காரியாவின் அடுக்கு வரிசை வெளியிலிருந்து உள்ளே இப்படிப் போகும்: கோட்டோ மரம், அதற்கு அடியிலேயே ஏஎல்சி, அப்புறம் லிம்பா மரம், நடுவில் கிரி. டிமோ போல் ஏஎல்சியும் அதே வரிசைதான், மேல் மரம் மட்டும் கோட்டோவுக்குப் பதில் லிம்பா. இன்னர்ஃபோர்ஸில் லிம்பா, இன்னொரு லிம்பா, அதற்குப் பிறகுதான் ஏஎல்சி, அது கிரியை ஒட்டி உட்கார்ந்திருக்கும். முதல் இரண்டையும் அவுட்டர் என்றும் மூன்றாவதை இன்னர் என்றும் சொல்வார்கள். மற்ற நிறுவனங்களில் டிஎச்எஸ் ஹரிக்கேன் லாங் 5 இன்னர் வகை, நிட்டாக்கு அகௌஸ்டிக் கார்பன் இன்னர் பெயரிலேயே அதைச் சொல்லிவிடுகிறது.

இழை எங்கே இருக்கிறது என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? பந்து படும்போது பிளேடு கொஞ்சம் வளைகிறது. வளையும்போது சரியாக நடுவில் இருக்கிற பகுதி நீள்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை; நடுவிலிருந்து விலக விலகத்தான் ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் அமுங்குகிறது. அதனால் ஒரு அடுக்கு பிளேடுக்குத் தரும் விறைப்பு, அது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நான்கு மடங்கு வேலை செய்யும். அதே இழையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாலே அதன் ஆதிக்கம் நன்றாகக் குறைந்துவிடும். மெதுவாகத் தொடும்போது மேலே இருக்கிற மரம்தான் பதில் சொல்லும், பலமாக அடிக்கும்போதுதான் இழையின் வேலை தெரியும். இன்னர் பிளேடு வைத்திருப்பவர்கள் "சின்ன பந்துக்கு மரம் மாதிரி இருக்கிறது, லூப் போட்டால் கார்பன் மாதிரி இருக்கிறது" என்று சொல்வது இதனால்தான். (லூப் என்பது மேல்சுழல் கொடுத்துத் தூக்கி அடிப்பது.)

இதே காரணத்தால் தடிமனை மட்டும் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். விறைப்பு தடிமனின் கனத்தோடு, அதாவது மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் 5.8-லிருந்து 6.0-க்குப் போவதே சுமார் 10 சதவீதம் விறைப்பைக் கூட்டிவிடும். ஆனால் இன்னர்ஃபோர்ஸ் 6.0, விஸ்காரியா 5.8, இருந்தும் கையில் வேகமாகத் தெரிவது விஸ்காரியாதான், ஏனென்றால் அங்கே இழை வெளியே இருக்கிறது. ஒரே அடுக்கு வரிசை உள்ள இரண்டு பிளேடுகளுக்கு நடுவே மட்டும் தடிமனை ஒப்பிடுங்கள், அப்போது 0.1 மில்லிமீட்டருக்குக்கூட மதிப்பு உண்டு.

விஸ்காரியாவுக்கும் டிமோ போலுக்கும் உள்ள வித்தியாசம் இதைவிடச் சின்னது. கோட்டோ கடினமான மரம், பந்து பட்டதும் கையில் ஒரு தெளிவான டக் வரும், பேக்ஹேண்ட் பிளாக்கும் (வருகிற பந்துக்கு மட்டையைக் காட்டித் தடுப்பது) சின்ன ஃபிளிக்கும் (குட்டைப் பந்தை மணிக்கட்டால் தட்டிவிடுவது) சீக்கிரம் கிளம்பும். லிம்பா கொஞ்சம் மென்மை, பந்து ஒரு கணம் கூடுதலாக நிற்பது போலத் தெரியும், மெதுவான லூப்பில் அது உதவும். அவ்வளவுதான். ரப்பரை மாற்றினால் வரும் வித்தியாசம் இதைவிடப் பெரிது என்பதை நினைவில் வையுங்கள்: டெனர்ஜியிலிருந்து ஒட்டும் தன்மையுள்ள ஹரிக்கேன் 3-க்கு மாறினால் உங்கள் ஸ்ட்ரோக்கையே மாற்ற வேண்டியிருக்கும், கோட்டோவிலிருந்து லிம்பாவுக்கு மாறினால் கொஞ்ச நாளில் கை பழகிவிடும்.

சீன வீரர் ஜாங் ஜிகே 2011 உலகப் பட்டத்தை வென்றபோது கையில் இருந்தது விஸ்காரியா. 1993-லேயே வந்த பிளேடு அது, இவரால்தான் மறுபடி உலகம் முழுக்கப் பேசப்பட்டது, அப்புறம் அவர் பெயரிலேயே ஜாங் ஜிகே ஏஎல்சி என்று அதே அடுக்கு வரிசையில் இன்னொன்றும் வந்தது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒரே வரிசை, ஒரே மரம், ஹேண்டில் மட்டும் வேறு, பெயர் வேறு. வீரரின் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் தப்பில்லை, ஆசை என்றும் ஒன்று இருக்கிறதே, ஆனால் அது வேறு மாதிரி ஆடும் என்று நினைத்து வாங்காதீர்கள். எந்த பிளேடைப் பார்த்தாலும் முதலில் அடுக்கு வரிசையைத் தேடுங்கள், பெயர் அப்புறம்.

இழை வகை பற்றிச் சுருக்கமாக. ஏஎல்சி என்பது கார்பனோடு அரிலேட் என்ற இழையைச் சேர்த்து நெய்தது. அரிலேட் அதிர்வை உறிஞ்சும், அதனால் வெறும் கார்பனைவிடக் கைக்கு இதமாக இருக்கும். இசட்எல்சி-யில் அரிலேட்டுக்குப் பதில் ஸைலான், துள்ளல் கூடுதல், விலையும் கூடுதல், தப்பான அடியை மன்னிக்கும் குணம் குறைவு. சூப்பர் என்று முன்னால் சேர்த்தால் இழை இன்னும் அடர்த்தி. ஸ்டிகாவின் கார்பனாடோ வரிசையில் பெயரில் வரும் 45, 90 என்பது இழை ஓடும் கோணம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாலையில் ஆடுகிறவர்களுக்கு ஏஎல்சிக்கு மேல் போக வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்களுக்கு எது? பலமாக அடிக்கும் ஒரு ஃபோர்ஹேண்டை வைத்து பிளேடைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கடையிலோ நண்பரிடமோ வாங்கி அடித்துப் பார்க்கும்போது எல்லோரும் செய்வது அதைத்தான், ரெண்டு ஸ்மாஷ் போட்டுவிட்டு "செம்ம வேகம்" என்று முடிவு செய்துவிடுவார்கள். பலமான அடியில் எல்லாக் கார்பன் பிளேடும் நன்றாகத்தான் இருக்கும். மேட்சில் புள்ளி போகிற இடம் வேறு: சர்வீஸை எடுக்கிற இடம், நெட்டுக்குப் பக்கத்தில் குட்டையாக விழுகிற பந்து, கீழ்ச்சுழல் பந்தை முதலில் தூக்குகிற லூப்.

ஆகவே சோதனையை இப்படிச் செய்யுங்கள். எதிரில் இருப்பவரைக் குட்டையான கீழ்ச்சுழல் சர்வீஸ் போடச் சொல்லி அதைத் திரும்பவும் குட்டையாகவே வைக்கப் பாருங்கள். இரண்டாவது துள்ளல் மேசைக்குள் விழ வேண்டும். அவுட்டரில் இது தொடர்ந்து நீளமாகவோ உயரமாகவோ போனால் அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது கனமான கீழ்ச்சுழல் பந்தில் மெதுவான, உயரமான லூப், வேகமே வேண்டாம், சுழல் மட்டும். பந்து நெட்டில் முட்டினாலும், மேசையைத் தாண்டி நேராகப் பறந்தாலும், பிளேடு உங்கள் வீச்சைவிட முந்திக்கொண்டு போகிறது என்று அர்த்தம். பிறகு அவர் லூப் போடட்டும், நீங்கள் மேசையை ஒட்டி நின்று பிளாக் மட்டும் செய்யுங்கள். இங்கே நிலைமை தலைகீழாகும், அவுட்டர் கையை அசைக்காமலேயே பந்தைத் திருப்பித் தள்ளும், இன்னரில் நீங்கள் கொஞ்சம் முன்னால் போக வேண்டும். கடைசியாக மேசையிலிருந்து இரண்டு மூன்று அடி பின்னால் போய் எதிர் லூப்.

இந்த நான்கில் முதல் இரண்டு உங்களுக்குத் தகராறு என்றால் இன்னர் எடுங்கள். முதல் இரண்டும் கட்டுப்பாட்டில் இருந்து, ஆட்டமே மேசையை ஒட்டிய பிளாக், கவுன்டர், பேக்ஹேண்ட் என்றால் அவுட்டர். அவுட்டருக்குள் கோட்டோவா லிம்பாவா என்பதற்குக் கை சொல்வதைக் கேட்டால் போதும். கிளப் அளவில் ஆடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல் என்றால் நான் இன்னர் என்றுதான் சொல்வேன். நான்கு சோதனையிலும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால் காசை மிச்சம் பிடியுங்கள், யசாகா ஸ்வீடன் எக்ஸ்ட்ரா மாதிரி ஐந்தடுக்கு மரப் பிளேடு அல்லது கொஞ்சம் வேகம் வேண்டும் என்றால் ஸ்டிகா கிளிப்பர் மாதிரி ஏழடுக்கு, இவையே இன்னும் சில காலத்துக்குத் தாராளம்.

இரண்டு பிளேடிலும் ரப்பர் ஒன்றாக இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை. ஒன்றில் புது டெனர்ஜி, இன்னொன்றில் ஆறு மாதம் தேய்ந்தது என்றால் நீங்கள் ஒப்பிடுவது ரப்பரை. முடிந்தால் அதே இரண்டு ரப்பரைக் கழற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள், சலிப்பான வேலைதான்.

எடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, என் கணக்கில் மாடலுக்கு அடுத்தபடி இதுதான், சில நேரம் மாடலுக்கும் மேலே. மரம் என்பதால் ஒரே விஸ்காரியாவில் ஒன்று 83 கிராம் இருக்கும், பக்கத்துப் பெட்டியில் இருப்பது 91 இருக்கும். அந்த 8 கிராம் கையில் தெரியும், அதுவும் தலைப்பக்கம் கனத்தால் பேக்ஹேண்டில் மணிக்கட்டு முதலில் புகார் சொல்லும். ரப்பரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: வெட்டி ஒட்டிய ஹரிக்கேன் 3 ஒரு பக்கமே 50 கிராம் வரை போகும், இரண்டு பக்கமும் கனமான ரப்பர் என்றால் முழு மட்டை 190-ஐ நெருங்கும். கனமான ரப்பர் ஒட்டுகிறவர்கள் 85-க்குக் கீழே கேளுங்கள், இலகுவான ரப்பர் என்றால் 88, 89 பரவாயில்லை. ஆன்லைனில் வாங்கினால் எடையைக் கேட்டு, தராசில் வைத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்கிற கடை வேண்டாம்.

ஒரே மாடலில் இரண்டு மூன்று துண்டு கையில் கிடைத்தால் இன்னொரு வேலை செய்யலாம். ரப்பர் இல்லாத பிளேடில் பந்தைத் தட்டித் துள்ள விட்டு, போனில் ஒலி அதிர்வெண் காட்டும் ஏதாவது செயலியில் பாருங்கள். அதிர்வெண் கூடுதலாக வருவது விறைப்பானது, குறைவாக வருவது வளைந்து கொடுப்பது. ஹேண்டிலை ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் அலையும். எடையும் அதிர்வெண்ணும் எப்போதும் சேர்ந்து போகாது என்பதையும் பார்ப்பீர்கள்.

ஹேண்டில் உங்கள் கை சொல்லும் விஷயம். அடியில் விரிந்த ஃபிளேர்ட் நழுவாது, நேரான ஸ்ட்ரெய்ட்டில் பிடியை நகர்த்துவது சுலபம். ஆட்காட்டி விரல் படும் ஓரம் உறுத்தினால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம், எல்லோரும் செய்வதுதான்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் யின்ஹே, சான்வெய் போன்ற சீன நிறுவனங்கள் இதே கோட்டோ, ஏஎல்சி வகை இழை, கிரி வரிசையில் வெகு குறைந்த விலையில் பிளேடு தருகின்றன. அவை சொந்தப் பெயரில் வருகிற நேர்மையான பிளேடுகள், தயங்காமல் வாங்கலாம். பயப்பட வேண்டியது பட்டர்ஃபிளை பெயர் போட்டுப் பாதி விலைக்கு வருகிற போலிகளுக்கு. இழையின் நிறத்தைப் பார்த்து "இது ஏஎல்சிதான்" என்று முடிவு செய்யாதீர்கள், நிறம் யாரும் போடலாம்.

வாங்கியதும் ரப்பர் ஒட்டும் முன் மேல் மரத்துக்கு மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு வார்னிஷ் கொடுத்துக் காயவிடுங்கள், முக்கியமாக லிம்பா என்றால், ஏனென்றால் ரப்பரைக் கழற்றும்போது அது சிராய் சிராயாக வந்துவிடும். தடிமனாகப் பூசினால் தொடுகை மாறிப்போகும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் மரத்தில் ஏறும், மழைக்காலத்தில் பிளேடு சில கிராம் கனத்துத் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மூடுகிற உறையில் ஒரு சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள், வெயிலில் நிற்கிற காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ரப்பரைக் கழற்றும்போது ஹேண்டில் பக்க மூலையிலிருந்து ஆரம்பித்து மர ரேகையோடு மெதுவாக இழுங்கள், குறுக்கே இழுத்தால் வார்னிஷ் போட்டிருந்தாலும் பிய்ந்து வரும்.