கோடை வாசிப்பு: புத்தகம் பரிந்துரைப்பதும் திட்டமிடுவதும்

கோடை நெருங்கும்போது புத்தகம் வாசிப்பவர்களிடையே இரண்டு கேள்விகள் உலவத் தொடங்குகின்றன: என்ன படிக்கலாம், நீங்கள் என்ன படிக்கப் போகிறீர்கள்? இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியலே விடையாக வருகிறது. இருபது தலைப்புகளை எழுதிக் கொடுத்துவிடுவது எளிது. அவற்றில் எதை முதலில் கையில் எடுப்பது என்பதைப் பட்டியலைப் பெற்றவர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, உதவி தேவைப்படுவதும் அந்த இடத்தில்தான். 300 பக்க நாவல் ஒன்றைப் படித்துப் பாருங்கள் என்று சொல்லும்போது நாம் மற்றவரிடம் கேட்பது ஏறத்தாழ பத்து மணி நேரம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நூலகங்களுக்காக வகுக்கப்பட்ட அந்த விதி, நண்பருக்கு ஒரு புத்தகத்தைச் சொல்பவருக்கும் தன் கோடையைத் திட்டமிடுபவருக்கும் அப்படியே பொருந்தும்.

பரிந்துரைப்பது எப்படி

முதலில் சொல்லாதீர்கள், கேளுங்கள். "உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?" என்ற கேள்வி அதிகம் பயன்படுவதில்லை, பலரும் தாங்கள் மதிக்கும் பெயரைச் சொல்வார்களே தவிர, உண்மையில் விரும்பிப் படிக்கும் பெயரைச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, கடைசியாக இறுதிப் பக்கம் வரை படித்து முடித்த புத்தகம் எது, பாதியில் நிறுத்திய புத்தகம் எது, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், அவருடைய இரசனையோடு பொறுமையின் எல்லையும் தெரிந்துவிடும். இந்தக் கோடையில் அவருக்குத் தொடர்ச்சியான ஓய்வு இருக்கிறதா, அல்லது பயணங்களுக்கும் வீட்டு வேலைகளுக்கும் இடையே துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. துண்டு நேரம் மட்டுமே உள்ளவருக்குச் சிறுகதைத் தொகுப்போ கட்டுரைத் தொகுப்போ உதவும் அளவுக்கு, நான்கு தலைமுறைகளின் கதையை விரித்துச் செல்லும் பெருநாவல் உதவாது.

அடுத்ததாக, ஒரு புத்தகத்துக்குள் ஒருவரை இழுப்பது எது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கு நான்கு வாசல்களைக் குறிப்பிடுகிறார்: கதையோட்டம், பாத்திரங்கள், களம், மொழி. எல்லா நல்ல புத்தகங்களிலும் இந்த நான்கும் இருக்கும் என்றாலும், ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் மற்றவற்றைவிட அகலமாகத் திறந்திருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆர்வத்தில் பக்கங்களைப் புரட்டுகிறவரிடம், நடையழகுக்காகவே படிக்க வேண்டிய மெதுவான நாவலைக் கொடுத்தால், புத்தகத்தின் மீதும் குறையில்லை, வாசகர் மீதும் குறையில்லை. சேர்த்து வைத்தவர் மீதுதான் குறை. ஒரே துறையைச் சேர்ந்த புத்தகங்கள் ஒன்றுபோல் இருக்கும் என்ற எண்ணமும் இதே காரணத்தால் ஏமாற்றிவிடுகிறது. வரலாற்று நாவலை விரும்பிப் படித்தவருக்கு அதில் பிடித்தது பழைய காலத்தின் சூழலா, சதியும் திருப்பமுமா என்பது தெரியாமல் இன்னொரு வரலாற்று நாவலை நீட்டுவது குத்துமதிப்பான வேலை.

இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லுங்கள், மிஞ்சினால் இரண்டு. பரிந்துரையை மூன்று நான்கு வாக்கியங்களில் எழுத முடியும்: புத்தகம் எதைப் பற்றியது, அதை வாசிக்கும் அனுபவம் எப்படிப்பட்டது, எந்த இடம் சற்றுக் கடினமாக இருக்கும், ஏன் இவருக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறீர்கள். "அருமையான நூல், கட்டாயம் படிக்க வேண்டும்" என்ற பாராட்டிலிருந்து வாசகர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. "முதல் 40 பக்கங்கள் மெதுவாகச் செல்லும், பெயர்கள் குழப்பும், வழக்கு விசாரணை தொடங்கியதும் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டீர்கள்" என்று சொன்னால், அந்த 40 பக்கங்களைக் கடக்கும் தெம்பு அவருக்குக் கிடைத்துவிடும். குறையைச் சொல்லாத பரிந்துரையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பதையும் அப்படித்தான்.

கதையின் திருப்பங்களை வெளியிடாமல் இருப்பது அனைவரும் அறிந்த மரியாதை. ஆனால் குழந்தையின் மரணம், வன்முறை, தீராத நோய் போன்றவை மையமாக உள்ள புத்தகத்தைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது திருப்பத்தை வெளியிடுவதாகாது. வாசிப்பவர் அண்மையில் எதைக் கடந்து வந்திருக்கிறார் என்பது நமக்கு எப்போதும் தெரிந்திருப்பதில்லை.

எந்தப் பதிப்பு என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரின் பெயர் இன்றியமையாதது, ஏனெனில் ஒரே நாவலின் இரண்டு மொழிபெயர்ப்புகள் இரண்டு வேறு புத்தகங்களைப் போலவே படிக்கக் கிடைக்கலாம். புகழ்பெற்ற பழைய நூல்களுக்குச் சுருக்கப் பதிப்புகளும் இருப்பதால், முழு நூலைத்தான் சொல்கிறீர்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், இருவர் சேர்ந்து ஒரே நூலைப் படிக்கும்போது அந்த எண்ணைப் பகிர்ந்துகொண்டால் பக்க எண்கள் ஒத்துப்போகும். வேறு வேறு பதிப்புகள்தான் கைவசம் உள்ளன என்றால் அத்தியாய எண்ணை வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

சொந்தத் திட்டம்

திட்டத்தைப் புத்தகங்களிலிருந்து தொடங்காமல் நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். படிக்க நினைக்கும் வகையைச் சேர்ந்த ஒரு புத்தகத்தை எடுத்து 20 நிமிடம் வழக்கம்போல் படித்து, எத்தனை பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். நாவலுக்கும் தத்துவ நூலுக்கும் வேகம் ஒன்றாக இருக்காது. கவிதைக்கு இந்தக் கணக்கே வேண்டாம். 20 நிமிடத்தில் 10 பக்கம் என்றால், நாளுக்கு அரை மணி நேரத்தில் 15 பக்கம். கோடை 60 நாட்கள் என்றும், வாரத்தில் 5 நாட்கள்தான் படிக்க முடியும் என்றும் வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 43 நாட்கள், அதாவது 645 பக்கங்கள். விருந்தினர் வருகை, காய்ச்சல், சோம்பல் ஆகியவற்றுக்காக அதில் கால் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 480 பக்கங்கள், அதாவது நடுத்தர அளவுள்ள இரண்டு புத்தகங்கள். பன்னிரண்டு புத்தகங்கள் என்று மனத்தில் போட்டு வைத்திருந்தவருக்கு இந்த எண் ஏமாற்றமளிக்கலாம். ஆனால் இது உங்களுடைய உண்மையான அரை மணி நேரத்திலிருந்து வந்த எண் என்பதால், எண்ணிக்கையை உயர்த்த வேண்டுமானால் கூட்ட வேண்டியது நேரத்தைத்தான்.

பெரிய நூல்களை இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் 361 அத்தியாயங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை என்பதால் நாளுக்கு ஒன்றாக ஓர் ஆண்டில் படிப்பது இயல்பான வேகம்; 60 நாட்களில் முடிக்க நாளுக்கு ஆறு அத்தியாயங்கள் தேவைப்படும். ஐந்து பாகங்கள் கொண்ட 'பொன்னியின் செல்வன்' போன்ற தொடர்கதை நாவலை முழுவதுமாகத் திட்டத்தில் சேர்ப்பதைவிட, முதல் பாகத்தை மட்டும் சேர்ப்பது நியாயமானது. பிடித்துப்போனால் மற்ற பாகங்களைப் படிக்க எந்தத் திட்டமும் தேவைப்படாது.

இரண்டு புத்தகங்கள் என்று முடிவான பிறகும் கூடுதலாக ஒன்றை மாற்றாக வைத்திருங்கள், அது முற்றிலும் வேறு தன்மையுடையதாக இருக்கட்டும். கனமான நூலில் மனம் தேங்கும் நாட்களில் படிப்பதையே விட்டுவிடாமல் இருக்க அது உதவும். நடக்கும்போதும் சமைக்கும்போதும் கேட்கக்கூடிய ஒலிநூல்கள் தனிக் கணக்கு. அவற்றின் மொத்த நேரம் முன்பே குறிக்கப்பட்டிருப்பதால் திட்டமிடவும் எளிது.

நாள்தோறும் எப்போது, எங்கே படிப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். "இந்தக் கோடையில் நிறையப் படிப்பேன்" என்பதைவிட, "காலைக் காப்பி குடித்து முடித்ததும் ஜன்னலோர நாற்காலியில் 15 பக்கம்" என்பது நடைமுறைக்கு வரும் வாய்ப்பு அதிகம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர், குறிப்பிட்ட சூழலோடு குறிப்பிட்ட செயலைப் பிணைத்து வைக்கும் இத்தகைய முடிவுகளை நெடுங்காலமாக ஆராய்ந்து, வெறும் நோக்கத்தைவிட அவை வலுவானவை என்று காட்டியிருக்கிறார்.

அவரும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, திட்டத்தைப் பிறரிடம் சொல்வதைப் பற்றி எச்சரிக்கிறது. 'நான் இப்படிப்பட்டவன்' என்ற அடையாளத்தோடு தொடர்புடைய நோக்கத்தைப் பிறர் அறிந்துகொண்டபோது, அதற்காகச் செய்யும் முயற்சி குறைவதை அவர்கள் கண்டார்கள். சொன்னதிலேயே பாதி அடைந்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. கோடைக்கு முன் அடுக்கி வைத்த புத்தகக் குவியலைப் படம் எடுத்துப் பலருக்குக் காட்டி, பாராட்டுகளைப் பெற்ற பிறகு முதல் புத்தகத்தையே திறக்காமல் போவதில் வியப்பில்லை. ஆகவே திட்டத்தைப் பகிர்வதென்றால் ஒருவரிடமோ இருவரிடமோ, செயலாக மட்டும் சொல்லுங்கள்: இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் ஆறு அத்தியாயங்களைப் படித்திருப்பேன், அன்று மாலை பேசலாம். கேட்பவரும் அதே நூலைப் படிப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

குழந்தைகளின் திட்டத்தைப் பெரியவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். நூல்களை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். சென்ற ஆண்டு படித்த படக்கதையையே மறுபடியும் எடுத்தாலும் தடுக்க வேண்டியதில்லை.

நிறுத்துவதும் தெரிவிப்பதும்

பிடிக்காத புத்தகத்தை எவ்வளவு தூரம் தொடர்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. நான்சி பேர்ல் இதற்கும் ஒரு கணக்கு சொல்கிறார்: 50 வயது வரை உள்ளவர்கள் 50 பக்கம் படித்துப் பார்க்க வேண்டும், அதற்கு மேற்பட்டவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து வரும் எண்ணிக்கையைப் படித்தால் போதும். 70 வயதுக்காரருக்கு 30 பக்கம். வேடிக்கையாகத் தோன்றினாலும், மீதமுள்ள நேரம் குறையக் குறையப் பொறுமையையும் குறைத்துக்கொள்ளலாம் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

நிறுத்தினாலும் முடித்தாலும், புத்தகத்தைச் சொன்னவருக்கு அதைத் தெரிவியுங்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், அந்த இடத்தில் என்ன சலித்தது என்று சொன்னால், "நன்றாக இருந்தது" என்ற உபசார வார்த்தையைவிட அது அவருக்குப் பயன்படும். அடுத்த முறை எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிடும். கோடை முடிந்தும் தொடப்படாமல் இருக்கும் தலைப்புகளை அடுத்த பட்டியலுக்கு அப்படியே நகர்த்தாதீர்கள். ஒவ்வொன்றையும் எடுத்து முதல் இரண்டு பக்கங்களைப் படித்துப் பாருங்கள். மூன்றாவது பக்கத்துக்குப் போக மனம் வந்தால் வைத்துக்கொள்ளலாம், வராவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டு, அதைப் படிக்கக்கூடிய வேறு ஒருவருக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிடலாம்.