க்ரூகர் காட்டில் முதல் கேம் டிரைவ்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி நீண்டு கிடக்கிறது க்ரூகர் தேசியப் பூங்கா. 1926-ல் தேசியப் பூங்காவான அந்தக் காட்டின் பரப்பு 20 லட்சம் ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு பெரிய இடத்தில் சிங்கம் எந்தப் புதருக்குப் பின்னால் படுத்திருக்கிறது என்று கைடுக்கு எப்படித் தெரிகிறது? பாதி நேரம் அவருக்கும் தெரியாது. மானும் குரங்கும் பறவையும் கொடுக்கும் துப்பை வைத்துத்தான் வண்டியைத் திருப்புகிறார். அந்தத் துப்பில் கொஞ்சமாவது நமக்குப் பிடிபட்டால், கேம் டிரைவ் எனப்படும், வண்டியில் போய் விலங்கு பார்க்கும் அந்த மூன்று மணி நேரச் சவாரி வேறு மாதிரி இருக்கும்.

படி 1: மாதமும் முகாமும்

முதல் பயணம் என்றால் மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட காலம்தான் நல்லது. புல் தாழ்ந்திருக்கும், இலை உதிர்ந்திருக்கும், விலங்குகள் மிச்சமுள்ள தண்ணீரைத் தேடி வந்தே ஆக வேண்டும். மழைக்காலத்தில் காடு பச்சையாக அழகாக இருக்கும். குட்டிகளும் வலசைப் பறவைகளும் நிறைய. ஆனால் பத்தடி தள்ளி நிற்கும் யானையைக்கூடப் புதர் மறைத்துவிடும். மலேரியா அபாயமும் அப்போதுதான் அதிகம். எந்த மாதம் போனாலும் கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

பூங்காவின் தென்பாதியில் தங்குங்கள். லோயர் சாபி முகாமின் வாசலிலேயே சன்செட் டேம் என்ற நீர்த்தேக்கம். நீர்யானையும் முதலையும் அங்கே அன்றாடக் காட்சி. அங்கிருந்து ஸ்குகூஸா முகாம் வரை சாபி ஆற்றை ஒட்டிப் போகும் சாலை சிறுத்தைக்குப் பேர்போனது. சிங்கத்துக்கு சதாரா முகாம். அதைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் வரிக்குதிரையும் வைல்ட்பீஸ்ட் என்ற பெரிய மானினமும் மேய்வதால் சிங்கமும் அங்கேதான் வட்டமிடும். ஒரே முகாமில் எல்லா இரவையும் கழிக்காமல் லோயர் சாபிக்கும் சதாராவுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை, டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் அறை கிடைப்பது கடினம்; முன்பதிவு வெகு சீக்கிரமே தேவை.

படி 2: எந்த வண்டி

உள்ளே வாடகைக் காரை நீங்களே ஓட்டலாம். இருந்தாலும் பூங்கா நிர்வாகமே நடத்தும் அதிகாலை டிரைவ் ஒன்றும் மாலை டிரைவ் ஒன்றும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். முகாம் கேட் திறப்பதற்கு முன்பே கிளம்பவும், மூடிய பிறகு திரும்பவும் அந்த வண்டிகளுக்கு அனுமதி உண்டு. வேட்டை விலங்குகள் நடமாடும் நேரம் அதுதான். ஆறு வயதுக்குக் கீழான குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள்.

கையில் காசு இருந்தால் மேற்கு எல்லையை ஒட்டிய சாபி சேண்ட் போன்ற தனியார் காப்பகங்கள். சாபி சேண்டுக்கும் க்ரூகருக்கும் நடுவே இருந்த வேலியை 1993-ல் அகற்றிவிட்டார்கள். விலங்குகள் இங்கும் அங்கும் போய்வரும். அங்கே வண்டி சாலையை விட்டிறங்கிப் புதருக்குள் போகலாம், பூங்காவில் அது கூடாது. கைடு போக, வண்டியின் முன்மூக்கில் பொருத்திய நாற்காலியில் தடம் பார்க்கும் டிராக்கர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். செலவு பல மடங்கு. சிறுத்தையைப் பக்கத்தில் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் அங்கே இரண்டு இரவு தங்கலாம். மற்றவர்களுக்குப் பூங்காவே போதும் என்பது என் கட்சி.

படி 3: பை

ஜூலை மாத அதிகாலையில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். திறந்த வண்டியில் காற்றும் சேர்ந்து அறையும். ஆப்பிரிக்காதானே என்று அரைக்கைச் சட்டையோடு வருகிறவர்கள் அரை மணியில் விறைத்துப்போவார்கள். குல்லா, கையுறை, கழற்றி மாற்ற வசதியாக இரண்டு மூன்று அடுக்கு உடை. ஒன்பது மணிக்கு வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

நீலமும் கருப்பும் போடாதே என்ற அறிவுரையைக் கேட்டிருப்பீர்கள். அது, கடித்து ரத்தம் குடிக்கும் செட்சி ஈக்கு அந்த நிறங்கள் பிடிக்கும் என்பதால் வந்தது. 1890களில் பரவிய மாட்டுக் கொள்ளைநோய்க்குப் பிறகு க்ரூகரில் அந்த ஈயே கிடையாது. கண்ணைப் பறிக்கும் வெள்ளை, சிவப்பு தவிர எதையும் போடுங்கள்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. கணவன், மனைவிக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்பது நடக்காத காரியம். எட்டு மடங்கு பெருக்கும் 8x42 வாங்குங்கள், ஆடும் வண்டியில் பத்து மடங்கு பெருக்கம் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கும்.

படி 4: கைடிடம் பேசுவது

ஏறியதும் ‘பிக் ஃபைவ் காட்டுங்கள்’ என்று கேட்காதீர்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற அந்தப் பட்டியல், நடந்துபோய் வேட்டையாட ஆபத்தானவை எவை என்று அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் போட்டது. பார்க்கச் சுவையானவை எவை என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. காட்டுநாய்க் கூட்டமும் சிவிங்கிப்புலியும் அதில் இல்லையே! பட்டியலைக் கொடுத்தால் கைடு அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார். ‘பறவைக்கும் நிறுத்துங்கள், ஒரே இடத்தில் காத்திருக்கவும் நாங்கள் தயார்’ என்று சொல்லிப் பாருங்கள்.

திசை சொல்லக் கடிகார முறை. வண்டியின் மூக்கு 12 மணி, வலக்கைப் பக்கம் 3 மணி. எதையாவது கண்டால் உடனே ‘ஸ்டாப், இரண்டு மணி’ என்று சொல்லிவிடுங்கள். அது கட்டையாகவோ கரையான் புற்றாகவோ இருந்தால் பரவாயில்லை. தயங்கினால் வண்டி ஐம்பதடி தாண்டியிருக்கும்.

படி 5: பார்க்கக் கற்பது

புதரின் மேற்பரப்பில் கண் நின்றுவிடக் கூடாது. இலைகளின் இடுக்கு வழியாக உள்ளே போக வேண்டும். மரம் செடி எல்லாம் செங்குத்துக் கோடுகள். நடுவே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரு முதுகு. முழு விலங்கைத் தேடுகிறவர் கண்ணில் எதுவும் படாது. ஆடும் காது, தொங்கும் வால், மின்னும் கொம்பு முனை என்று துண்டு துண்டாகத் தேடுங்கள். ஆற்றோரப் பெரிய மரங்களைக் கடக்கும்போது கிடைமட்டக் கிளைகளை ஒரு முறை வருடிப் பாருங்கள். சிறுத்தை இரையை மேலே இழுத்துப்போய்த் தொங்கவிடும் இடம் அது. இரை மட்டும் தொங்கி, சிறுத்தை இல்லையென்றால் அந்த மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்தது துப்பு. க்ரூகரில் எங்கு பார்த்தாலும் இம்பாலா மான்தான். இரண்டாம் நாள் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். நிறுத்த வேண்டும். மந்தை மேய்ந்துகொண்டிருந்தால் சுற்றுவட்டாரத்தில் ஆபத்து இல்லை என்று அவை நம்புகின்றன. கழுத்தை விறைத்து எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, மூக்கால் சீறினால், அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்புங்கள். ஒட்டகச்சிவிங்கி அசையாமல் ஒரே இடத்தை வெறித்தாலும் அப்படியே. வெர்வெட் குரங்குகள் மரத்தின் உச்சியிலிருந்து குரைப்பதுபோல் கத்தினால் கீழே சிறுத்தை போகிறதோ என்று பார்க்க வேண்டும். கினிக்கோழிக் கூச்சலை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். அவை ஒன்றுமில்லாததற்கும் ஊரைக் கூட்டும்.

மரத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் உட்கார்ந்திருந்தால் கீழே இரை கிடக்கிறது என்பது பாதி உண்மை. அதிகாலையில் அவை வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறிக் காற்று சூடாகி மேலெழும்பும்வரை அந்தக் கனத்த உடலைத் தூக்கிப் பறப்பது சிரமம். காலை பத்து மணிக்கு மேலும் கும்பலாகக் கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தால்தான் செய்தி. கீழே இறங்காமல் இருக்கின்றன என்றால் இரையின் சொந்தக்காரர் இன்னும் பக்கத்திலேயே இருக்கலாம். ஆக்ஸ்பெக்கர் பறவைகள் கீச்சிட்டபடி புதருக்குள் இறங்கினால், அவை உண்ணி பொறுக்கும் எருமையோ காண்டாமிருகமோ உள்ளே நிற்கக்கூடும்.

மண் சாலையில் தடம். பனியில் நனைந்த புல்லைத் தவிர்த்துச் சிங்கம் சாலையிலேயே நடக்கும். பூனை இனத் தடத்தில் நகம் பதியாது (சிவிங்கிப்புலி விதிவிலக்கு), கழுதைப்புலித் தடத்தில் பதியும். நேற்று மாலை போன வண்டியின் டயர் கோட்டுக்கு மேலே பாதத்தடம் இருந்தால் அது அதற்குப் பிறகு நடந்தது. டயர் கோடு தடத்தை அழித்திருந்தால் பழசு. டிராக்கர்கள் செய்யும் கணக்கின் முதல் வரி இதுதான்.

படி 6: கண்ட பிறகு

எழுந்து நிற்காதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள். வண்டியையும் ஆட்களையும் ஒரே உருவமாகப் பார்த்துப் பழகிய விலங்கு, அந்த உருவம் கலைந்தால்தான் மிரளும். என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்.

சிங்கம் நாளில் 20 மணி நேரம்வரை தூங்கும். நீங்கள் பார்ப்பதும் அநேகமாகத் தூங்கும் சிங்கம்தான். நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் கிளம்பட்டும். பொழுது சாயும் நேரமென்றால் உட்காருங்கள். ஒன்று கொட்டாவி விடும், அடுத்ததும் விடும், சோம்பல் முறிக்கும். கொட்டாவி வரிசையாக வர ஆரம்பித்தால் கூட்டம் எழுந்து நடக்கப் போகிறது.

ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழிந்து, பின்னங்கால் ஈரமாக இருந்தால் கைடே தூரம் விடுவார். ‘இன்னும் கிட்டப் போங்க’ என்று அவரை நச்சரிக்கக் கூடாத நேரம் அது.

படி 7: இருட்டில்

மாலை வண்டியில் ஸ்பாட்லைட்டைப் பயணிகள் கையிலேயே கொடுத்துவிடுவது உண்டு. மெதுவாக அலசுங்கள், விலங்குகளின் கண்கள் வெளிச்சம் பட்டு ஒளிரும். மான், யானை போன்றவற்றின் கண்ணில் வெளிச்சத்தை நிறுத்தாதீர்கள். கண் கூசி நிற்கும் மானை வேட்டை விலங்கு எளிதாக அடித்துவிடும். மரநாய் போன்ற ஜெனட், புனுகுப்பூனை, மரக்கிளையில் தாவும் புஷ்பேபி ஆகியவற்றுக்கு இரவுதான் வாய்ப்பு. இலைகளுக்கு நடுவே வெளிறித் தெரியும் பச்சோந்தியையும் இரவில்தான் சுலபமாகப் பிடிக்கலாம், கண்ணால்.

படி 8: திரும்பிய பின்

முகாம்களில் வரவேற்பறைப் பக்கம் ஒரு வரைபடப் பலகை இருக்கும். எந்த விலங்கை எங்கே கண்டார்கள் என்று வண்ண வில்லைகளால் குறித்திருப்பார்கள். உங்கள் பங்கையும் சேருங்கள், மறுநாளுக்கான வழியை அதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். காண்டாமிருகத்துக்கு மட்டும் இது பொருந்தாது. கொம்புக்காகக் கொல்லும் கும்பல்கள் இன்னும் சுற்றுகின்றன. பல காப்பகங்களில் அவற்றைக் காப்பாற்றவே கொம்பை அறுத்துவிடுகிறார்கள். கண்ட இடத்தையும் நேரத்தையும் யாரிடமும் சொல்லாதீர்கள். படத்தைப் பகிர்வதற்கு முன் அதில் பதிந்துள்ள ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள்.