ஊரின் பழைய பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்

பாலக்காடு, சித்தூர் பக்கம் ஆய்வேடு எழுதும் நர்சிங், பொதுச் சுகாதார மாணவர்களே, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் உள்ளூர் ஆய்வுகளைத் தேடும்போது ஊரின் பழைய ஆங்கிலப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பாலக்காட்டோடு பால்காட், திருவனந்தபுரத்தோடு ட்ரிவாண்ட்ரம், கோழிக்கோட்டோடு காலிகட். இரண்டு பெயருக்கும் நடுவில் 'ஆர்' (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தட்டி, அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அப்புறம் நோயின் பெயர்.

ஊர்ப்பெயரைப் பொறுத்தவரை, பப்மெட் பொதுவாக நாம் தட்டும் எழுத்துகளைத்தான் தேடுகிறது. பழைய கட்டுரைகளில் பழைய பெயர்தான் இருக்கும். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் முகவரியில் இன்றும் ட்ரிவாண்ட்ரம் என்று வருவதுண்டு. தலைப்பில் ஊர் இல்லாவிட்டாலும், ஆசிரியரின் முகவரியில் இருந்தால் கட்டுரை அகப்படும்.

சித்தூருக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஆந்திராவில் ஒன்று, பாலக்காடு மாவட்டத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதுண்டு. மாநிலப் பெயரைச் சேர்க்காவிட்டால் ஆந்திராக் கணக்கு கேரள ஆய்வேட்டில் ஏறிவிடும், அது பெரிய தவறு. திருப்பதி 2022இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய திருப்பதி ஆய்வுகளைச் சித்தூர் மாவட்டம் என்றும் தேடிப் பாருங்கள்.

மருந்துச் சோதனை, ஆய்வகப் பரிசோதனை போல இடம் சாராத தலைப்புக்கு இது உதவாது. ஊர்ப்பெயர் போட்டால் நல்ல கட்டுரைகள் விடுபடும். 1988க்கு முந்தைய பதிவுகளில் பொதுவாக ஆசிரியர் முகவரி இருக்காது, தலைப்பிலோ சுருக்கத்திலோ ஊர் இருந்தால்தான் கிடைக்கும்.