பாட்டுப் போட்டியில் நடுவராக அமர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழியை ஒட்டி மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் நடக்கும் பாட்டுப் போட்டிகளில் இளம் பாடகர்களை நடுவர்களாக அமர்த்தும் வழக்கம் நல்லதுதான். ஆனால், நாங்கள் அந்த நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தபோது செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்க்க நேர்கிறது. தெரிந்தவர் பிள்ளைக்குக் கூட்டிப் போடக் கூடாது, பாடும்போது பேசக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கைப்பேசிச் செயலியால் சுருதியை அளப்பது

ஓர் இளையோர் போட்டியில் ஒரு சிறுமி தோடி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினாள். ‘க’ ஸ்வரமான காந்தாரத்தை அதன் இருபுறமும் உள்ள ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைத்து, பாடாந்தரம் (குருவழி கற்ற பாட முறை) பிசகாமல் பாடினாள். என் அருகில் இருந்தவர் சுருதி காட்டும் செயலியை மேசைக்கு அடியில் திறந்து வைத்திருந்தார். முள் ஓரிடத்தில் நிற்காததைக் கண்டு சுருதிக்கு 10-க்கு 4 போட்டார். பிறகு தோடி பாடிய பையன் அதே காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்தான். முள் நின்றது, 8 கிடைத்தது. பரிசு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மறு ஆண்டு அந்தச் சிறுமியும் தோடியை நேர் காந்தாரத்தோடு பாடியதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆசிரியர் வருடக்கணக்கில் ஊட்டிய கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் முறையை, ஒரு மதிப்பெண் தாள் அழித்துவிட்டது.

இத்தகைய செயலிகள் பொதுவாகப் பியானோவின் பன்னிரண்டு சம இடைவெளிகளை வைத்தே அளக்கின்றன. அந்தக் கணக்கில் ‘ஸ’ ஸ்வரமான ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் (இரு காந்தாரங்களில் மேலது) 400 சென்ட் (ஓர் இடைவெளிக்கு 100 சென்ட்) தொலைவில் இருக்கிறது. தம்புராவின் மந்தர (கீழ் ஸ்தாயி) ஷட்ஜத் தந்தியில் தானாகக் கேட்கும் காந்தாரமோ ஏறத்தாழ 386 சென்ட்டில் இருக்கிறது. ஆகவே, அந்தர காந்தாரம் வரும் சங்கராபரண ராகத்தில் தம்புராவோடு இழைந்து காந்தாரம் பிடிக்கும் குழந்தையைத்தான் செயலி சுருதி குறைந்ததாகக் காட்டும்.

ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாத ஸ்வரங்கள் என்பதால், சங்கதி (ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகை) முடிந்து அங்கே வந்து நிற்கும் இடத்தையும், அனுபல்லவியில் தார (மேல் ஸ்தாயி) ஷட்ஜத்தைத் தொடும் இடத்தையும், மூச்சு குறையும் நேரத்தில் கார்வை (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம்) முடியும் விதத்தையும் காதால் கவனியுங்கள். அங்கே விலகினால் தயங்காமல் குறைக்கலாம். பாட்டு முழுவதும் இம்மியளவு இறங்கியே பாடுகிறவரையும், ஒரு பிரயோகத்தில் மட்டும் ஸ்வரம் தவறியவரையும் ஒன்றாக எண்ணாதீர்கள். முன்னவருக்குச் சுருதிப் பெட்டி காதில் விழாமலே இருந்திருக்கலாம். போட்டி தொடங்குமுன் நீங்களே மேடையேறி அந்த ஒலியைக் கேட்டுப் பாருங்கள்.

திரைப்பாடல் சுற்றுக்கு அளவுகோல் வேறு. கீபோர்டும் கரோக்கேயும் சம இடைவெளியில் ஒலிப்பவை. பாடுகிறவர் அவற்றோடு சேர்ந்திருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

முகத்தைப் பார்த்து பாவத்துக்கு (உணர்ச்சி வெளிப்பாட்டுக்கு) மதிப்பெண் போடுவது

கண்ணை மூடுவதும் கையை வீசுவதும் சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். குரல் நடுங்குவதை உருக்கம் என்று எழுதுகிறார்கள். பல வேளைகளில் அது மூச்சுப் போதாமைதான். அரங்கமே கண் கலங்கிய ஒரு பாட்டில், ‘மறவாதே’ என்ற சொல்லை ‘மற’ என்று நிறுத்தி, மூச்செடுத்து, ‘வாதே’ என்று முடித்ததைக் கேட்டிருக்கிறேன். இறைவனிடம் கேட்டது தலைகீழாகிப் போனது. பாவத்துக்கு முழு மதிப்பெண் வந்தது. சரணம் பாடும்போது தலையைக் குனிந்து தாளைப் பாருங்கள். பதம் எங்கே பிரிகிறது, எந்தச் சொல்லில் குரல் இறங்குகிறது, ழகரம் விழுகிறதா என்பவை அப்போதுதான் காதில் விழும்.

தார ஸ்தாயியில் எழும் கைதட்டல்

அது அவையோரின் மதிப்பெண்.

எல்லோருக்கும் ஒரே கட்டை (ஆதார சுருதி)

வேண்டாம்.

தொலைக்காட்சிப் பாட்டோடு ஒப்பிடுவது

ஒளிபரப்பாகும் குரல் ஒலிக்கலவையில் செப்பனிடப்பட்டிருக்கக் கூடும். உங்கள் முன் நிற்கும் குழந்தைக்கு ஒரு மைக் மட்டும்தான் இருக்கிறது.

முதலில் பாடுபவருக்கு உடனே மதிப்பெண் எழுதிவிடுவது

முதல் சிலருக்குப் பென்சிலால் எழுதி வைத்து, பத்துப் பேரைக் கேட்ட பிறகு பேனாவை எடுங்கள். பென்சிலும் ரப்பரும் வீட்டிலிருந்தே கொண்டுவருவது நல்லது. அமைப்பாளர்கள் பேனாதான் தருவார்கள்.