ஊருக்கு வரும் நண்பர்களுக்கு நல்ல போட்டோ ஸ்பாட் தேடித் தருவது எப்படி?

வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் "இங்க போட்டோ எடுக்க எங்க போகலாம்?" என்று கேட்டால், நாம் வழக்கமாகச் சொல்வது அவர்கள் கிளம்பும் முன்பே இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்ட இடங்களைத்தான். அங்கெல்லாம் நம் உதவி இல்லாமலே போய்விடுவார்கள். அந்தப் பாலத்தில் எந்தப் பக்கம் நின்றால் ஆறு வளைவது தெரியும், படிக்கட்டில் எத்தனை மணிக்கு வெயில் இறங்கும், எந்த மாதத்தில் அங்கே போவது வீண் என்பதையெல்லாம் அதே ஊரில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

அதனால் இடத்தின் பெயரை மட்டும் குறித்து வைக்காதீர்கள். இடம், நிற்க வேண்டிய புள்ளி, நேரம் மூன்றையும் சேர்த்தே குறியுங்கள். பெரிய கேமரா வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும்.

1. முதல் தேடல் வீட்டிலிருந்தே

கூகுள் மேப்ஸைத் திறந்து சாட்டிலைட் காட்சிக்கு மாற்றுங்கள். கடைப் பெயர்களையும் சாலைப் பெயர்களையும் மறந்துவிட்டு வடிவங்களை மட்டும் பாருங்கள். நீர்நிலை, ஆற்று வளைவு, வரிசையாக நிற்கும் மரங்கள், சுற்றிலும் கட்டடம் சூழ்ந்த திறந்தவெளி, மேலே போகும் படிகள் என எது கண்ணில் பட்டாலும் குறியுங்கள். மேப்பில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு பின் விழும். "பார்க்க வேண்டியவை" என்று ஒரு பட்டியல் போட்டு அதில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஏரி, குளம் என்றால் திசையையும் அப்போதே பார்த்துவிடலாம். கிழக்குக் கரையில் நின்றால் மாலைச் சூரியன் தண்ணீருக்கு மேல் இறங்கும். காலையில் உதயம் வேண்டுமானால் மேற்குக் கரை. ஒரே ஏரிதான், ஆனால் நண்பரிடம் சொல்லும்போது இவை இரண்டு தனி ஸ்பாட்கள்.

அடுத்து ஸ்ட்ரீட் வியூ, அதாவது தெருவில் நின்று பார்ப்பதுபோல் படங்களைக் காட்டும் மேப்ஸ் வசதி. அந்தத் தெருவுக்குள் போய் நான்கு பக்கமும் திரும்பிப் பாருங்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை கார் மேல் பொருத்திய கேமரா எடுத்தவை. நம் கண் மட்டத்தைவிட உயரத்திலிருந்து எடுத்தவை என்பதால், அதில் சுவருக்கு மேல் தெரியும் காட்சி நேரில் போனால் மறைந்துவிடலாம். படம் எடுத்த மாதமும் ஆண்டும் அதிலேயே இருக்கும். பழைய படமாக இருந்தால் அந்த மரம் இப்போதும் நிற்கிறதா என்று நேரில்தான் பார்க்க வேண்டும்.

போட்டோக்களைப் பகிரும் தளங்களான ஃபிளிக்கரிலும் விக்கிமீடியா காமன்ஸிலும் உங்கள் ஊரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மற்றவர்கள் எடுத்ததை அப்படியே திரும்ப எடுப்பதற்காக அல்ல. எல்லோரும் எந்தப் பக்கம் பார்த்து எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், யாரும் பார்க்காத பக்கம் எது என்பதும் தெரிந்துவிடும்.

2. நடந்து பாருங்கள், இரண்டு வேளை

பட்டியலில் சேர்ந்த இடத்துக்குக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் நடந்து போங்கள். வண்டியில் போனால் பாதி கண்ணுக்குத் தப்பிவிடும்.

எதைப் பார்ப்பது? பூச்சு உதிர்ந்த ஒரு பழைய சுவரை எடுத்துக்கொள்வோம். வெயில் நேருக்கு நேர் விழும்போது அது வெறும் அழுக்குச் சுவர். போட்டோவிலும் தட்டையாகத்தான் வரும். வெயில் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் நேரம் ஒன்று உண்டு. அப்போது உதிர்ந்த ஒவ்வொரு பூச்சின் ஓரத்துக்கும் ஒரு நிழல் விழும். செங்கல் விளிம்பு, ஆணி, பெயிண்டின் சுருக்கம் எல்லாம் புடைத்துக்கொண்டு தெரியும். அந்தச் சுவர் முன்னால் உங்கள் நண்பரை நிறுத்தினால் அவர் முகத்துக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல் கிடைக்கும். வாசல், தூண், படிக்கட்டு எதற்கும் இதே கதைதான்.

மழை நின்ற பிறகு ஒரு சுற்று போவது மிகவும் முக்கியம். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை வெறுமனே தாண்டிப் போகாதீர்கள். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்கும்படி இறக்குங்கள். ஒரு சிறிய குட்டையிலேயே எதிரே நிற்கும் கட்டடம் முழுவதும் கவிழ்ந்து தெரியும். எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும் என்பதுகூட ஊர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்!

இப்படிப் பார்க்கும்போதே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். லொகேஷன் ஆனில் இருந்தால் இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும்.

3. வெளிச்சத்தின் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். சுமாரான இடம்கூட சரியான வெளிச்சத்தில் அழகாகிவிடும்.

சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 6 பாகை (டிகிரி) உயரத்துக்குள் இருக்கும்போது வெளிச்சம் பொன்னிறமாகவும் மென்மையாகவும் இருக்கும். இதைத்தான் கோல்டன் ஹவர் என்கிறார்கள். ஹவர் என்று பெயர் இருந்தாலும் எல்லா ஊரிலும் ஒரு மணி நேரம் கிடைக்காது. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அது சீக்கிரமே முடிந்துவிடும். துருவப் பக்கம் போகப்போக நீண்டுகொண்டே போகும். சூரியன் மறைந்து சற்று நேரம் கழித்து வானம் ஆழ்ந்த நீலமாகும் ப்ளூ ஹவரும் இப்படித்தான். விளக்கு எரியும் கட்டடங்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

கையாலேயே நேரத்தை அளக்கலாம். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே ஒரு முஷ்டி இடம் இருந்தால், நிலநடுக்கோட்டுக்கு அருகே இன்னும் 40 நிமிடம் இருக்கிறது என்று பொருள். விலகிப் போகப்போக இன்னும் அதிகம். சூரியனை நேராக உற்றுப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள்.

சூரியன் வருடம் முழுக்க ஒரே இடத்தில் மறைவதில்லை. ஜூனில் நேர் மேற்கிலிருந்து குறைந்தது 23 பாகை வடக்கே தள்ளி மறையும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. ஆகவே ஜூனில் தெருவின் முனையில் விழுந்த சூரியன் டிசம்பரில் ஏதோ ஒரு கட்டடத்துக்குப் பின்னால் போயிருக்கும். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் குறுக்குத் தெருக்களின் நேர் கோட்டில் சூரியன் மறைவதைப் பார்க்க மே இறுதியிலும் ஜூலை நடுவிலும் கூட்டம் கூடுகிறது. அந்தக் காட்சிக்கு மன்ஹாட்டன்ஹெஞ்ச் என்று பெயரே வைத்துவிட்டார்கள். உங்கள் ஊரில் கிழக்கு மேற்காகப் போகும் ஒவ்வொரு நேர் தெருவுக்கும் இப்படி ஒரு நாள் இருக்க வாய்ப்பு உண்டு. சன்கால்க் (SunCalc) இணையதளத்தில் இடத்தையும் தேதியையும் கொடுத்தால் சூரியன் உதிக்கும், மறையும் திசையை மேப்பின் மேலேயே கோடாகக் காட்டும். நண்பர் வரும் தேதியைப் போட்டுப் பாருங்கள்.

நிலவு வேண்டுமா? பௌர்ணமி நிலவு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழும். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். பௌர்ணமிக்கு முந்தைய நாள் போனால், தரையில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே நிலவு மேலே வந்திருக்கும். கட்டடமும் நிலவும் ஒரே படத்தில் ஒழுங்காக வர அதுதான் நல்ல நாள்.

4. வருவது யார்?

குழந்தையோடு வருபவரை விடிகாலையில் மலையேறச் சொல்லக் கூடாது. முழங்கால் வலி உள்ளவருக்குப் படிகள் வேண்டாம். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: எவ்வளவு தூரம் நடப்பீர்கள், ஆட்களை எடுக்கப் பிடிக்குமா இடங்களையா, எத்தனை மணிக்கு எழுவீர்கள்? பதிலைப் பார்த்துப் பட்டியலில் மூன்று, நான்கு இடங்களை மட்டும் வையுங்கள். ஒரு நாளில் பத்து இடம் சுற்றினால் எந்த இடத்திலும் நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருக்க முடியாது.

5. அனுமதியும் பாதுகாப்பும்

தனியார் இடம், வழிபாட்டுத் தலம், அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் முதலில் கேளுங்கள். சில இடங்களில் போன் அனுமதிப்பார்கள், ட்ரைபாட் (மூன்று கால் ஸ்டாண்ட்) கூடாது என்பார்கள். தண்டவாளத்தில் இறங்கி நிற்கும் போட்டோ எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஸ்பாட்டைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பறவைகள் கூடு கட்டும் இடம் தெரிந்தால் நீங்களே நண்பரைக் கூட்டிப்போய்த் தூரத்தில் நின்று காட்டுங்கள். அந்தப் பின்னை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அங்கே எடுத்த படத்தைப் பொதுவெளியில் போடும் முன் லொகேஷனை நீக்கிவிடுங்கள்.

6. நண்பருக்கு அனுப்பும் விதம்

வெறும் பின்னை மட்டும் அனுப்பினால் அவர் இடத்துக்குப் போவார், படத்துக்குப் போகமாட்டார். மேப்ஸ் பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கும் குறிப்பு எழுத வசதி இருக்கிறது. இப்படி எழுதலாம்:

"பழைய பாலம். மேலே ஏற வேண்டாம், இடது பக்கப் படி வழியாகக் கீழே இறங்கவும். இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் நின்று மேற்கே பார்க்கவும். மாலை 5.30க்கு முன்பே போய்விடவும். மழை பெய்திருந்தால் படி வழுக்கும். பைக் நிறுத்த இடம் இருக்கிறது."

கூடவே நீங்கள் அங்கே எடுத்த படம் ஒன்றையும் அனுப்புங்கள். நிற்க வேண்டிய புள்ளியைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் மேப்பில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் காப்பி செய்து கொடுங்கள். புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் இருந்தால் அது சுமார் 1 மீட்டர் அளவுக்கு இடத்தைக் குறிக்கும். சிக்னல் கிடைக்காத இடமாக இருந்தால் ஆஃப்லைன் மேப்பை டவுன்லோடு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

நண்பர் வருவதற்கு முந்தைய நாள் எல்லா இடத்தையும் ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள். குளத்தில் தண்ணீர் வற்றியிருக்கலாம், கட்டடத்துக்கு முன்னால் சாரம் கட்டியிருக்கலாம், கேட்டில் பூட்டு தொங்கலாம். மேகம் மூடினால் அஸ்தமன ஸ்பாட்டை விட்டுவிட்டு ஆட்களை எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். மேகமூட்டத்தில் முகத்தில் கடுமையான நிழல் விழாது.