ஏசி குளிரவில்லையா? கேஸ் நிரப்பச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஏசி முன்போலக் குளிரவில்லை என்றதும் "கேஸ் தீர்ந்திருக்கும்" என்று சொல்லிவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. ஏசிக்குள் இருக்கும் குளிர்பதன வாயு, சிலிண்டரில் இருக்கும் சமையல் எரிவாயுவைப் போல எரிந்து தீர்வதன்று. உள் யூனிட்டின் காயிலில் (மெல்லிய தகடுகளுக்கிடையே வளைந்து செல்லும் குழாய்த் தொகுதியில்) ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, வெளி யூனிட்டின் காயிலில் மீண்டும் திரவமாகி அந்த வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு, மூடிய செம்புக் குழாய்களுக்குள் அது இயந்திரத்தின் ஆயுள் முழுவதும் அதே அளவில் சுற்றிவர வேண்டும். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்பிக்கொண்டிருப்பதைப் பராமரிப்பு என்று சொல்ல முடியாது. குளிர்ச்சி குறைவதற்குப் பெரும்பாலும் காற்றோட்டத் தடையே காரணமாக இருப்பதால், மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலில் ஃபில்டர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உள் யூனிட்டின் முன்மூடியைத் திறந்து வலைகளை உருவி, தூசி படியாத பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவினால் அழுக்கு எளிதில் வெளியேறும். சூடான நீர் பிளாஸ்டிக் சட்டத்தை வளைத்துவிடும் என்பதால் சாதாரண நீரே போதும். நிழலில் நன்றாக உலர்ந்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும். தினமும் ஏசி ஓடும் காலத்தில் இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. வீட்டில் செல்லப்பிராணிகள் இருந்தாலோ, தூசி நிறைந்த சாலையோரத்தில் வீடு இருந்தாலோ இரண்டு வாரத்தைத் தாண்டவிடக் கூடாது.

ஃபில்டர் அடைபட்டால் காயிலின் மீது போதிய காற்று படாமல் அதன் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கி, காற்றின் ஈரம் அதன் மேல் பனிக்கட்டியாகப் படியும். அந்தப் பனிக்கட்டி மிஞ்சிய காற்றையும் அடைத்துவிடும். காயிலிலோ செம்புக் குழாயிலோ பனி தெரிந்தால் குளிரூட்டலை நிறுத்தி, ஃபேன் மட்டும் ஓடும் நிலையில் வைத்து, முழுவதும் உருகும்வரை காத்திருக்க வேண்டும். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டினால், இல்லாத கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம். ஃபில்டரைச் சுத்தம் செய்த பிறகும் பனி திரும்பப் படிந்தால், காயிலில் அழுக்கு ஏறியிருக்கலாம், உள் ஃபேன் மெதுவாகச் சுற்றலாம், அல்லது வாயு உண்மையிலேயே குறைந்திருக்கலாம். மெக்கானிக் தேவைப்படும் இடம் அதுதான்.

உள் யூனிட்டிலிருந்து சுவரில் நீர் வழிந்தால் பெரும்பாலும் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும். குழாயின் வெளிமுனையில், ஈரத்தையும் இழுக்கவல்ல வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினால் அடைப்பு வந்துவிடும். குழாய் எங்கும் மேலேறாமல் தொடர்ந்து சரிவாக இறங்குகிறதா, அதன் முனை வாளி நீருக்குள் மூழ்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மூழ்கிய முனையே பல இடங்களில் நீரைத் திருப்பி அனுப்புகிறது.

வெளி யூனிட்டுக்கு நிழலைவிடக் காற்று முக்கியம். வெயில் படாமலிருக்க அதைச் சுற்றி அடைப்புக் கட்டுவோர், அது வெளியே தள்ளிய வெப்பக் காற்றையே மீண்டும் இழுக்கும்படி செய்துவிடுகிறார்கள். பிரேக்கரை அணைத்துவிட்டு, தோட்டக் குழாயின் மென்மையான நீரால் காயிலைக் கழுவலாம். அழுத்தம் மிகுந்த நீர் மெல்லிய அலுமினியத் தகடுகளை மடக்கிவிடும்.

இவையெல்லாம் முடிந்ததும் ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசியை மிகக் குறைந்த வெப்பநிலைக்கு வைத்து 15 நிமிடம் ஓடவிட்டபின், உள்ளே இழுக்கப்படும் காற்றின் வெப்பநிலையையும் வெளிவரும் காற்றின் வெப்பநிலையையும் அளந்தால், இடைவெளி ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் சற்றுக் குறையும். இடைவெளி சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால், குறை இயந்திரத்தில் இல்லை. வெயில் இறங்கும் மேற்கூரை, சன்னல் இடுக்குகள், அறைக்குப் போதாத திறன் ஆகியவற்றில் இருக்கிறது.

வெளி யூனிட்டில் உறுமல் கேட்டும் ஃபேன் சுற்றவில்லை என்றால், மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டர் பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. அது விலை குறைந்த உதிரிபாகம்தான், ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது மின்னூட்டத்தைத் தேக்கிவைத்திருக்கும் என்பதால், அதைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும்.

வாயு கசிகிறது என்று மெக்கானிக் சொன்னால், எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். குழாய்ச் சுற்றில் நைட்ரஜனை அழுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது பழைய முறையானாலும் நம்பகமானது. அடைத்த பிறகு வேக்குவம் பம்ப்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுவதும் வெளியேற்றி, யூனிட்டின் தகட்டில் அச்சிட்ட எடைக்கேற்பத் தராசில் நிறுத்து வாயுவை நிரப்ப வேண்டும். தராசும் வேக்குவம் பம்ப்பும் இல்லாமல் வருபவரை இந்த வேலைக்கு அனுமதிக்காமல் இருப்பதே நல்லது. குளிர்பதன வாயுக்களில் ஒன்றான ஆர்-32 சிறிதளவு தீப்பற்றக்கூடியது. பணி நடக்கும்போது அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. எந்த வாயுவோடும் வேறொன்றைக் கலக்கக் கூடாது.

வெப்பமூட்டும் கருவிகளில், ஹீட் பம்ப் என்பது திசை திருப்பி ஓடும் ஏசியே என்பதால் மேலே சொன்னவை அதற்கும் பொருந்தும். குளிர்காலத்தில் அதன் வெளி யூனிட்டில் பனி படிவதும், இடையிடையே சில நிமிடங்கள் வெப்பமூட்டல் நின்று ஆவி எழுவதும் பழுதல்ல. பனியை அது தானாக உருக்கிக்கொள்கிறது. வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேற்பகுதி குளிர்ந்தும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. கருவியை அணைத்து ஆறவிட்டு, காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தி, சீறல் நின்று நீர் வரத் தொடங்கியதும் இறுக்கிவிடலாம்.

எரிவாயு ஹீட்டர் விஷயத்தில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. சுடர் நீலமாக நிலைத்து எரிய வேண்டும். மஞ்சளாக அலைந்தாலோ கரி படிந்தாலோ முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது என்று கொள்ள வேண்டும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுக்கையறைகளுக்கு அருகில் அதற்கான அலாரம் வைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்றவரைக் கொண்டு பர்னரையும் புகைக்குழாயையும் சோதிப்பதும் கட்டாயம். அலாரம் ஒலித்தால் காரணம் தேடாமல் எல்லோரும் வெளியேறி உதவிக்கு அழைக்க வேண்டும்.

இனி, ஏசியையே மாற்றும் முடிவுக்கு வருவோம். வழக்கமாக 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும் இயந்திரத்தில், அந்த வயதை நெருங்கும்போது வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் போனாலோ காயில் பல இடங்களில் கசிந்தாலோ புதிது வாங்குவதே சிக்கனம். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ்க் கைவிடப்பட்டுவரும் ஆர்-22 வாயுவில் ஓடும் பழைய ஏசியில் பெருஞ்செலவு செய்வது வீண். ஒரு டன் திறன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட். தேவைக்கு மிஞ்சிய டன் வாங்கினால் அறை விரைவில் குளிர்ந்து இயந்திரம் நின்று நின்று ஓடும். ஈரப்பதம் இறங்காததால் குளிர்ந்தும் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆர்-22 ஓடிய பழைய செம்புக் குழாய்களில் பழைய எண்ணெய் மிச்சமிருக்கும், புதிய வாயுக்களின் அழுத்தமும் அதிகம் என்பதால், குழாய்களையும் சேர்த்து மாற்றிவிடுவதே பாதுகாப்பு. பொருத்திய அன்றே காற்றின் வெப்பநிலை இடைவெளியை அளந்து, உத்தரவாத அட்டையின் பின்புறம் தேதியுடன் குறித்துவைத்தால், பின்னாளில் எழும் சந்தேகங்களை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.