ஈரம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்: புதிதாகச் சமைப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

வறுவல் மொறுமொறுப்பாக வரவில்லை. வாங்கி வைத்த கொத்தமல்லி இரண்டே நாளில் கறுத்துப்போனது. உப்பு கட்டி தட்டிவிட்டது, பருப்பில் வண்டு, மிக்ஸி ஜாரைத் திறந்தால் ஒரு வாடை. புதிதாகச் சமைக்கத் தொடங்குபவர்கள் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிப்ஸ் தேடுவார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் முக்கால்வாசித் தொல்லைக்குக் காரணம் ஒன்றுதான்: இருக்கக்கூடாத இடத்தில் தண்ணீர் இருக்கிறது. அதனால் சமையல் குறிப்பு, வீட்டுக் குறிப்பு என்று பிரிக்காமல், ஈரத்தைக் கையாளுவதை மட்டும் படிப்படியாகச் சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்தித் துணி நான்கைந்து, ஒரு வடிகூடை, இறுக மூடும் டப்பா இரண்டு, ஒரு பாக்கெட் சமையல் சோடா. இவ்வளவுதான். புதுத் துணியில் கஞ்சிப் பசை இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது. இரண்டு முறை துவைத்த பிறகுதான் உதவும். ஒரு துணியைக் காய்கறிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். கை துடைத்த துணியில் கீரையைச் சுற்றுவது நல்லதல்ல.

உருளைக்கிழங்கை மொறுமொறுவென வறுப்பது

எல்லாவற்றையும்விட இதை முதலில் பழகச் சொல்வேன். இது கைவந்துவிட்டால் மற்ற காய்களுக்குத் தனியாகப் பாடம் தேவைப்படாது.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். காயின் மேல் ஈரம் இருக்கும்வரை, அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அந்த இடத்துச் சூடு அதற்கு மேல் பெரிதாக ஏறாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வர ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஈரத்தோடு வாணலியில் விழும் கிழங்கு வெந்து, குழைந்து, சிவப்பதற்கு முன்பே உடைந்துபோவது இதனால்தான்.

1. தோல் சீவி, எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருக்கும்படி நறுக்குங்கள். சிறிதும் பெரிதுமாக இருந்தால் சிறியது கருகும்போது பெரியது வேகாமல் நிற்கும்.

2. நறுக்கியதைத் தண்ணீரில் அலசுங்கள். பால்போல் கலங்கி வருவது மாவுச்சத்து. அது மேலே ஒட்டியிருந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், வாணலியிலும் பிடிக்கும். தண்ணீர் தெளிந்து வரும்வரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள்.

3. வடிகூடையில் கொட்டி உதறுங்கள். பிறகு துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு உள்ளங்கையால் ஒற்றி எடுங்கள். ஒரு துண்டை எடுத்துத் தொட்டால் விரலில் ஈரம் தெரியக்கூடாது. பெரும்பாலானவர்கள் அவசரத்தில் விட்டுவிடும் படி இது. வேறு எதில் நேரம் மிச்சப்படுத்தினாலும் இதில் வேண்டாம்.

4. வாணலியைக் காயவைத்த பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். எவர்சில்வர் வாணலியாக இருந்தால் எண்ணெய்க்கு முன்பு ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சுர்ரென்று அங்கேயே வற்றினால் இன்னும் காய வேண்டும். உடையாமல் பாதரசம்போல் உருண்டு ஓடினால் போதுமான சூடு வந்துவிட்டது. தீயைச் சற்றுக் குறைத்து, சொட்டு முழுக்க ஆவியான பிறகு எண்ணெய் விடுங்கள். நான்ஸ்டிக்கில் இந்தச் சோதனை வேண்டாம். அதை வெறுமனே காயவிட்டாலே பூச்சு கெடும்.

5. துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கும்பலாகப் போட்டால் அடியில் இருப்பது விடும் ஆவியிலேயே மேலே இருப்பது அவியும். வாணலி சிறியதென்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். மூடி போடாதீர்கள்.

6. போட்டவுடன் கிளற வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் படபடவென்று உரத்த சத்தம் வரும். அது ஈரம் வெளியேறும் சத்தம். அது தணிந்து மெல்லிய சலசலப்பாக மாறும்போது அடிப்பக்கம் சிவக்கத் தொடங்கியிருக்கும். அப்போது திருப்பிவிட்டால் ஒட்டாமல் வரும். கடிகாரத்தைவிட இந்தச் சத்தத்தை நம்பலாம்.

7. உப்பு கடைசியில். உப்பு காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். ஆரம்பத்திலேயே போட்டால் துடைத்து எடுத்த பாடெல்லாம் வீண்.

வெண்டைக்காய்க்கும் இதே முறைதான், ஒரு வித்தியாசத்தோடு: முழுதாகக் கழுவித் துடைத்த பிறகு நறுக்க வேண்டும். அதன் கொழகொழப்பு தண்ணீர் பட்டால் இழுத்துக்கொண்டு வரும். கத்தியும் பலகையும் காய்ந்திருக்கட்டும். காளானையும் ஒரே அடுக்காக, மூடாமல் வதக்குங்கள்.

இனி எதிர்ப்பக்கம். குழம்புக்கோ தொக்குக்கோ வெங்காயம் வதக்கும்போது அது சீக்கிரம் குழைய வேண்டும், அதாவது உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வர வேண்டும். அங்கே உப்பை முதலிலேயே போடுங்கள், மூடியும் போடுங்கள். வெங்காயம் அடியில் லேசாகப் பிடித்துச் சிவந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துக் கரண்டியால் சுரண்டிவிடுங்கள். அந்தப் பழுப்பெல்லாம் கரைந்து குழம்பில் சேரும். நிறமும் ருசியும் அதில்தான் இருக்கிறது. கறுத்துத் தீய்ந்திருந்தால் மட்டும் சுரண்டாதீர்கள், கசக்கும்.

எண்ணெய் தெறிப்பதும் ஈரத்தின் வேலையே. எண்ணெயைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடிக்குப் போய், நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து எண்ணெயைத் தூக்கி எறிகிறது. எதைப் பொரித்தாலும் நீர் வடியவிட்டு, எண்ணெய்க்கு அருகே கொண்டுபோய், உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து விடுங்கள். உயரத்திலிருந்து போட்டால் கையில் தெறிக்கும்.

எண்ணெய் தீப்பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியால் மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் ஆபத்து.

கொத்தமல்லி, புதினா, கீரை

தழைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஈரம் அதிகமானால் அழுகும், அறவே இல்லாவிட்டால் வாடும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும்.

வாங்கி வந்ததும் கட்டைப் பிரியுங்கள். கட்டின் நடுவில்தான் அழுகல் தொடங்கும். மஞ்சள் இலை, கறுத்த இலை, நசுங்கிய தண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அழுகிய ஒரு இலை பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வேரை வெட்டிவிடுங்கள். கழுவாமல் எடுத்துவைத்து, சமைக்கும்போது கழுவுவதே மேல். மண் அதிகமாக இருந்து கழுவியே ஆக வேண்டுமென்றால், துணியில் பரப்பி நிழலில் ஆறவிடுங்கள். மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் காயும்.

அடுத்து டப்பா. அடியில் உலர்ந்த துணி, அதன்மேல் தழையை அமுக்காமல் பரப்பி, மேலே இன்னொரு துணி, பிறகு மூடி. தழை மூச்சுவிடும்போது வெளியேறும் ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும், டப்பா அதை வெளியே போகவிடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். துணி நனைந்திருந்தாலோ மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ துடைத்துத் துணியை மாற்றுங்கள். ஃப்ரிட்ஜின் பின்சுவரில் டப்பா ஒட்டக்கூடாது; சில ஃப்ரிட்ஜ்களில் அங்கே இலை உறைந்துவிடும், எடுத்து வெளியே வைத்ததும் துவண்டுபோகும்.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், இரண்டையும் ஒரே கூடையிலும் போடாதீர்கள். காற்றோட்டமான இடம் இரண்டுக்கும் தேவை. கிழங்குக்கு இருட்டும் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறம் ஏறினால் அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறியுங்கள்; நிறையப் பச்சையாக இருந்தால் முழுக் கிழங்கையும் எறிந்துவிடலாம்.

பொடியும் பருப்பும்

மிளகாய்ப் பொடி டப்பாவைக் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே பிடித்துத் தட்டுகிறோமே, அந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பாதிக் கட்டி குறையும். எழும் ஆவி டப்பாவுக்குள் புகுந்து பொடியில் படியும். உலர்ந்த கரண்டியில் எடுத்துப் போடுங்கள். எல்லா டப்பாவுக்கும் ஒரே கரண்டி என்றால் அதுவும் ஈரமாகவே இருக்கும். உப்புக் குடுவையில் நாலு அரிசியைப் போட்டு வைத்தால் உப்பு உதிரியாக நிற்கும்.

பருப்பையோ தானியத்தையோ வெயிலில் காயவைத்தால், முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் கொட்டுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். எந்தப் பூஞ்சைக்கும் வண்டுக்கும் பயந்து காயவைத்தோமோ அதற்கே நாம் இடம் கொடுத்ததாகிவிடும். வெயில் இல்லாத காலத்தில் பருப்பை இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தால் வண்டும் அதன் முட்டையும் சாகும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த பருப்பின்மேல் காற்றின் ஈரம் படியும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்.

மிஞ்சிய சோறு

இதில் அலட்சியம் வேண்டாம். அரிசியில் இருக்கும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பிக்கும். சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. எனவே மிஞ்சும் என்று தெரிந்தவுடன், அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஆவி போகவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் டப்பாவில் போட்டு, 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே குளிர்ந்த ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் எடுக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் சோறு மறுபடி மென்மையாகும். ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக வேண்டும், ஒரு தடவை மட்டும்.

பாத்திரங்கள்

இரும்புச் சட்டியைக் கழுவியதும் துடைத்து, சிறு தீயில் ஒரு நிமிடம் காட்டுங்கள். துணிக்கு எட்டாத ஈரம் அப்போதுதான் போகும். பிறகு இரண்டு சொட்டு எண்ணெயைத் தடவி, எண்ணெயே தடவவில்லையோ என்று தோன்றும் அளவுக்குத் துடைத்துவிடுங்கள். தடிமனாக விட்டால் பிசுபிசுக்கும்.

அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்த்துத் தோளை நோகடிக்க வேண்டாம். பாத்திரம் ஆறியபின் கருகல் மூழ்கும் அளவு தண்ணீர், இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா, பத்து நிமிடம் கொதி. அப்படியே ஆறவிட்டு மரக்கரண்டியால் தள்ளினால் கருகல் ஏடாக உரிந்து வரும். வராத இடத்துக்கு இன்னொரு முறை. அலுமினியத்தில் சோடா போட்டால் பாத்திரம் கறுக்கும். அதற்கு வெந்நீரில் ஊறவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோடாவும் வினிகரும் சேர்த்தால் பொங்குவதைப் பார்த்து அதைப் பெரிய வித்தை என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், மிஞ்சுவது ஏறத்தாழ உப்புத் தண்ணீர். வினிகரை உப்புக்கறை படிந்த கெட்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பாதி வினிகர், பாதி தண்ணீர், ஒரு கொதி, அரை மணி ஊறல், பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டுதல்.

மிக்ஸி ஜாரின் வாடை பெரும்பாலும் மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் இருக்கும். வாரத்தில் ஒருநாள் அதைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். ஜாரைக் கவிழ்த்து வையுங்கள், மூடியைத் தனியாக. தண்ணீர் பாட்டிலுக்கும் அப்படியே. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைச் சோப்புக் கிண்ணத்தில் ஊறப்போடாமல் பிழிந்து நிமிர்த்தி வையுங்கள். நறுக்கும் பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால் இரண்டு பக்கமும் காயும்.

தொட்டியையும் தரையையும் சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: பிளீச் ஊற்றிய இடத்தில் வினிகரோ அமிலம் கலந்த கழிவறைத் திரவமோ பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்ததும் கூடாது. ஒன்றை முழுக்கக் கழுவிவிட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள், சன்னலையும் திறந்து வையுங்கள்.